பிள்ளை கேட்கும் விண்வெளித் துப்பாக்கி

பெருநாள் வந்தால் நம் ஊர்களில் பிள்ளைகளின் கைகளில் காசு புழங்கும். அந்தக் காசு எங்கே போகிறது என்பதை அறியக் கடைத்தெருவில் சிறிது நேரம் நின்று பார்த்தாலே போதும். கறுப்பு நிறப் பிளாஸ்டிக் துப்பாக்கி ஒவ்வொரு பையனின் கையிலும் இருக்கும். அதிலிருந்து சிறு குண்டுகளும் பறக்கும். மாலையாகுமுன் அதன் சுருள்கம்பி உடைந்துவிடும். அதற்குள் யாரேனும் ஒரு பிள்ளையின் கண்ணில் குண்டு படாமல் இருந்தால் அல்ஹம்துலில்லாஹ்!

இன்றைய பிள்ளைகளின் ஆசை இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. படங்களிலும் கணினி விளையாட்டுகளிலும் விண்வெளி வீரர்கள் ஒளிக்கதிர் பாய்ச்சும் துப்பாக்கியோடு வருகிறார்கள். "வாப்பா, எனக்கும் அது வேண்டும்" என்று பிள்ளை அடம்பிடிக்கிறது. வாங்கிக் கொடுப்பதா, மறுத்துவிடுவதா என்று பெற்றோர் தடுமாறுகின்றனர். அன்பின் பெற்றோர்களே! மூன்றாவது வழியொன்று உண்டு. பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு நீங்களே அதைச் செய்யுங்கள். ஆனால் எப்படிப்பட்டதைச் செய்வது, எந்த நிபந்தனைகளோடு செய்வது என்பதை முதலில் சிந்திக்க வேண்டும்.

சிறகு முளைத்த குதிரை

இல்லாத ஒன்றைக் கற்பனை செய்து விளையாடுவது வீண் வேலை என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு ஸுனன் அபூதாவூதில் இடம்பெறும் ஒரு சம்பவத்தை நினைவூட்ட விரும்புகிறேன். நபி (ஸல்) அவர்கள் ஒரு யுத்தப் பயணத்திலிருந்து வீடு திரும்பியிருந்தார்கள். காற்று வீசி ஒரு திரை விலகியபோது, அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் தெரிந்தன. அவற்றின் நடுவே துணித் துண்டுகளால் இரு சிறகுகள் வைக்கப்பட்ட ஒரு குதிரையும் இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று நபியவர்கள் கேட்டார்கள். ஸுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததாக நீங்கள் கேள்விப்படவில்லையா என்று அன்னை அவர்கள் பதில் சொன்னார்கள். நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்குச் சிரித்தார்கள்.

இந்தச் சம்பவத்தைச் சற்று நிதானமாகக் கவனியுங்கள். உலகில் யாரும் கண்டிராத ஒரு குதிரை. கையில் கிடைத்த துணியால் ஆன ஒரு விளையாட்டுப் பொருள். அதற்குக் கண்டனம் இல்லை, கேலியும் இல்லை. கேள்வி கேட்டு, பதிலைக் கேட்டு மகிழ்ந்தார்கள். பிள்ளையின் கற்பனையை எப்படி அணுகுவது என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறெங்கே கிடைக்கும்?

இந்தத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது?

ஒளியை ஆயுதமாக்கும் எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1898 இல் நூலாக வெளிவந்த தமது கதையில், செவ்வாயிலிருந்து வந்தவர்கள் வெப்பக் கதிரால் பூமியை எரிப்பதாக எழுதினார். 1928 இல் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில், பல நூற்றாண்டுகள் உறங்கி 25 ஆம் நூற்றாண்டில் விழித்தெழும் ஒரு வீரனின் கதை வந்தது. மறு ஆண்டே அது பக் ரோஜர்ஸ் என்ற பெயரில் பத்திரிகைச் சித்திரக் கதையானது. 1934 இல் டெய்ஸி என்ற நிறுவனம் அந்த வீரனின் துப்பாக்கியைத் தகரத்தால் செய்து விற்றது. அது எதையும் சுடவில்லை. விசையை இழுத்தால் ஓசை வரும், அவ்வளவுதான். விலை 50 சதம். உலகப் பொருளாதாரம் விழுந்து கிடந்த அந்தக் காலத்திலும் பிள்ளைகள் அதை விரும்பி வாங்கினார்கள்.

பின்னர் 1977 இல் ஸ்டார் வார்ஸ் திரைப்படம் வந்தது. இங்கிலாந்தில் அதற்கான பொருட்களைத் தயாரித்தவர்களிடம் பணம் தாராளமாக இருக்கவில்லை. எனவே ரோஜர் கிறிஸ்டியன் என்ற அலங்காரக் கலைஞர் பழைய பொருட்களைத் தேடி எடுத்தார். பழைய புகைப்படக் கருவியொன்றின் வெளிச்சக் கைப்பிடி, கதாநாயகனின் ஒளிவாளுக்குப் பிடியானது. நிஜமான மவ்ஸர் கைத்துப்பாக்கியில் தொலைநோக்கியைப் பொருத்தியதும் அது விண்வெளித் துப்பாக்கியானது. படையினரின் ஆயுதங்கள் ஸ்டேர்லிங் என்ற பிரித்தானிய இயந்திரத் துப்பாக்கியிலிருந்து உருவாயின. அதன் துளைகளில் பிளாஸ்டிக் பட்டிகளை ஒட்டியதும் பார்ப்பவர்களுக்கு வேற்றுலக ஆயுதமாகத் தெரிந்தது. அந்தப் படத்தின் கலை அலங்காரத்துக்கு 1978 இல் ஒஸ்கார் விருது கிடைத்தது. விருது பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

இந்த வரலாற்றில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. கழிவுப் பொருளும் கற்பனையும் இருந்தால் விலையுயர்ந்த பொருள் தேவையில்லை என்பது முதலாவது. இரண்டாவது அதைவிட முக்கியமானது. 1934 இன் துப்பாக்கி விளையாட்டுப் பொருளாகவே பிறந்தது. அது எந்த நிஜத் துப்பாக்கியையும் ஒத்திருக்கவில்லை. 1977 இன் துப்பாக்கிக்குள்ளே நிஜமான ஆயுதம் இருந்தது. இன்று உலகெங்கும் பொழுதுபோக்காக இவற்றின் மாதிரிகளைச் செய்வோர் பெரும்பாலும் இரண்டாவது வகையையே அச்சொட்டாகச் செய்ய முயல்கின்றனர். நம் வீட்டுப் பிள்ளைக்கு முதல் வகையே பொருத்தமானது. ஏனென்று பார்ப்போம்.

ஆயுதத்தின் ஒழுக்கம்

ஆயுதம் ஏந்த நேர்ந்த ஒரு சமூகத்தைத்தான் நபி (ஸல்) அவர்கள் வழிநடத்தினார்கள். ஆனாலும் ஆயுதத்தின் முனை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் அவர்கள் காட்டிய கண்டிப்பு வியப்பூட்டுவது. ஒருவர் தம் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டக் கூடாது. அவரது கையிலிருந்து ஷைத்தான் அதை இழுத்துவிடக் கூடும், அவர் நரகக் குழியில் விழ நேரும் என்று எச்சரித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). கூடப்பிறந்த சகோதரனாக இருந்தாலும் அவனை நோக்கி இரும்பை நீட்டுபவனை வானவர்கள் சபிக்கிறார்கள் என்றும் வந்துள்ளது (முஸ்லிம்). பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளோடு செல்பவர் அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ளட்டும் என்றார்கள் (புகாரி, முஸ்லிம்).

இன்னொரு சம்பவமும் உண்டு. பயணமொன்றில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரின் கயிற்றை மற்றொருவர் எடுக்க, அவர் திடுக்கிட்டு எழுந்தார். அப்போது, ஒரு முஸ்லிமைத் திகிலடையச் செய்வது எந்த முஸ்லிமுக்கும் ஆகுமானதல்ல என்று நபியவர்கள் கூறினார்கள் (அபூதாவூத்). அங்கே வாளில்லை, அம்புமில்லை, வெறும் கயிறு. விளையாட்டுக்காகக் கூட ஒருவரைப் பயமுறுத்தக் கூடாது என்பதே இதன் பொருள்.

இந்தப் பயம் வெறும் பேச்சல்ல என்பதற்கு உலகச் செய்தியொன்று சான்று. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 2014 நவம்பர் 22 ஆம் திகதி, பூங்காவொன்றில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் விளையாட்டுத் துப்பாக்கியோடு நின்றான். அது நிஜத் துப்பாக்கியை அப்படியே ஒத்திருந்தது. பொலிஸார் வந்திறங்கிய சில வினாடிகளுக்குள் அவன் சுடப்பட்டான்; மறுநாள் இறந்தான். விளையாட்டுத் துப்பாக்கிகளின் முனையில் பளிச்சிடும் செம்மஞ்சள் நிறம் இருக்க வேண்டும் என்று அந்நாட்டில் 1988 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அந்தச் சிறுவன் வைத்திருந்த துப்பாக்கியின் முனையில் அந்த நிறம் இருக்கவில்லை.

நம் நாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் சுடப்பட்ட இரவை நினைவில் சுமக்கும் மூத்தம்மாக்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். 2009 வரை சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்ற தலைமுறை நாம். 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பின் வீடு வீடாகச் சோதனை நடந்த நாட்களில், அலுமாரிக்குள் கிடந்த சாதாரண பொருளைக் கூட இது என்ன கேள்வியைக் கொண்டு வருமோ என்று எடுத்துப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அப்படிப்பட்ட வீட்டுக்குள் நிஜம் போன்ற கறுப்புத் துப்பாக்கி எதற்கு? பிள்ளையின் விளையாட்டுக்கு அது தேவையே இல்லை.

செய்யும் முறை

இனி வேலைக்கு வருவோம். மின்சாரக் கருவி எதுவும் வேண்டாம். இரும்பறுக்கும் வாள், வளைவுகளை அறுக்கும் மெல்லிய அலகு கொண்ட சிறு வாள், அரம், கையால் சுழற்றும் துளைப்பான், திருகாணி முடுக்கி, கூரிய கத்தி, அடிமட்டம் ஆகியன போதும். பொருட்கள்: 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள பலகைத் துண்டு, அரை அங்குலப் பி.வி.சி. குழாயில் 10 அங்குலம், பழைய இறப்பர் செருப்பு ஒரு சோடி, வெறும் ஜேம் போத்தலின் தகர மூடி, செம்மஞ்சள் நிறச் சோடாப் போத்தல் மூடி, மரப்பசை, சில திருகாணிகள், அரத்தாள், பெயின்ட்.

முதலில் காட்போட் மட்டையில் உருவத்தை வரையுங்கள். வரைவது பிள்ளையாக இருக்கட்டும். உடற்பகுதி 7 அங்குலம், பிடி 4 அங்குலம் என்ற அளவு சின்னக் கைக்குப் பொருந்தும். மட்டையை வெட்டிக் கையில் பிடித்துப் பார்த்து, சரியில்லையென்றால் மீண்டும் வரையுங்கள். மட்டை வீணாவதில் நட்டமில்லை. முஸ்லிம் உலகின் பெரும் பொறியியலாளரான அல்ஜஸரீ, 50 இயந்திரங்களின் அமைப்பை விளக்கும் தமது நூலை 1206 இல் தியார்பக்ரில் நிறைவு செய்தார். அவரும் திட்டங்களை முதலில் காகித மாதிரியாகச் செய்து பார்த்தவர்தான் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

மட்டையைப் பலகையில் வைத்துக் கோடிட்டு, ஒரே அளவில் இரு துண்டுகளை அறுத்தெடுங்கள். இரண்டுக்கும் பசை பூசி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கனமான பொருளொன்றின் அடியில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். ஒட்டிய பலகை தனிப் பலகையைவிட எளிதில் வளையாது. இதுவும் அல்ஜஸரீ கையாண்ட உத்தியே. காய்ந்தபின் விளிம்புகளை அரத்தால் உருட்டி, முதலில் சொரசொரப்பான அரத்தாளாலும் பிறகு மென்மையானதாலும் தேய்க்க வேண்டும். மர இழை ஓடும் திசையிலேயே தேய்க்கப் பழக்குங்கள். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் உறுத்தக் கூடாது, அதுதான் அளவுகோல்.

குழாயை உடற்பகுதியின் மேல் விளிம்பில், பாதி முன்னே நீண்டிருக்குமாறு வைக்கவும். அதைப் பொருத்துவதில் ஒரு நுட்பம் உண்டு. குழாயின் அடிப்பக்கத்தில் திருகாணி நுழையும் அளவுக்குச் சிறு துளையும், அதற்கு நேர் மேலே திருகாணி முடுக்கி நுழையும் அளவுக்குப் பெரிய துளையும் இடுங்கள். மேல் துளை வழியாக முடுக்கியைச் செலுத்தி, அடியில் திருகாணியை மரத்தோடு இறுக்கலாம். மரத்திலும் முன்கூட்டியே மெல்லிய துளையிட்டால் பலகை பிளக்காது. இப்படி இரண்டு இடங்களில் இறுக்கினால் குழாய் அசையாது. மேலே தெரியும் துளைகளைச் சிறு மரக்கட்டைகளால் அடைத்துவிடலாம்.

அடுத்தது பிள்ளைகள் மிகவும் விரும்பும் வேலை. செருப்பில் வண்டிச் சில்லு வெட்டி விளையாடிய தலைமுறைக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. இரண்டரை, இரண்டு, ஒன்றரை அங்குலக் குறுக்களவில் மூன்று வட்டங்கள் வெட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்ட முயலாமல், பலகைமேல் வைத்துக் கோட்டின் மேலேயே மெதுவாகப் பல தடவை கத்தியை ஓட்ட வேண்டும். கத்தி உங்கள் கையில் இருக்கட்டும். கோடு பிள்ளையின் கையில் இருக்கட்டும். நடுத்துளையைக் குழாயின் தடிப்பைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டினால், பசையின்றியே இறப்பர் குழாயை இறுகப் பிடிக்கும். பெரியது பின்னால், சிறியது முன்னால் என்ற வரிசையில் செருகியதும், பக் ரோஜர்ஸ் காலத்து விண்வெளித் துப்பாக்கியின் உருவம் கண்முன் வந்துவிடும்.

குழாயின் முன்வாயில் மரக்கட்டையொன்றைப் பசை பூசிச் செருகி அடைத்துவிடுங்கள். அதன்மேல் செம்மஞ்சள் மூடியைச் சிறு திருகாணியால் பொருத்துங்கள். இந்தக் கருவியிலிருந்து எதுவும் வெளியே பாயாது என்பதற்கு இந்த மூடியே அடையாளம்.

சுண்டுவிரலால் இழுக்கும் விசையும் வேண்டாம், சுட்டுவிரலால் இழுக்கும் விசையும் வேண்டாம். ஜேம் மூடியின் நடுப்பகுதியை அழுத்தினால் 'டிக்' என்று ஓசை வருமல்லவா? அந்த மூடியை உடற்பகுதியின் பக்கவாட்டில், பெருவிரல் எட்டும் இடத்தில், ஓரங்களில் இரு சிறு திருகாணிகளால் பொருத்துங்கள். அதிகம் இறுக்கினால் ஓசை செத்துவிடும். டோர்ச் லைட்டை அழுத்துவதுபோல் பிள்ளை பெருவிரலால் அழுத்தட்டும். சுட்டுவிரலால் விசையை இழுக்கும் பழக்கம் நம் பிள்ளைக்கு எதற்கு?

கடைசியாக நிறம். கறுப்பு, சாம்பல், வெள்ளி ஆகிய மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். மஞ்சள், சிவப்பு, பச்சை எதுவும் ஆகலாம். தெருவின் அந்தக் கரையிலிருந்து பார்ப்பவரும் இது விளையாட்டுப் பொருள் என்று உடனே அறிய வேண்டும். பி.வி.சி. குழாயை அரத்தாளால் சொரசொரப்பாக்கிய பிறகே பெயின்ட் பிடிக்கும். இறப்பரை அதன் சொந்த நிறத்திலேயே விடுங்கள். வீட்டில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் பழைய பெயின்ட் வேண்டாம். அதில் ஈயம் கலந்திருக்கக் கூடும். குழாயை நெருப்பில் காட்டி வளைக்கவும் வேண்டாம். அதன் புகை நச்சுத்தன்மை கொண்டது.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் மூன்று நாட்கள் ஒதுக்கினால் வேலை முடிந்துவிடும். பாங்கு கேட்டதும் வாளையும் அரத்தையும் வைத்துவிட்டு எழும்பும் வாப்பாவைப் பார்ப்பதும் பிள்ளைக்கு ஒரு பாடமே. மகன்மாரோடு மகள்மாரையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு நடுவே வரும் கேள்விகள்

கை வேலை செய்யும்போது பிள்ளையின் வாய் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும். விண்வெளியில் இது சுட்டால் சத்தம் கேட்குமா? கேட்காது, ஒலி பயணிக்கக் காற்றுப் போன்ற ஓர் ஊடகம் வேண்டும், அங்கே அது இல்லை. ஒளிக்கதிர் உண்மையிலேயே உண்டா? உண்டு, 1960 இல் அமெரிக்காவில் தியோடர் மேமன் என்பவர் முதலாவது லேசர் கருவியை இயக்கிக் காட்டினார். ஆனால் படத்தில் காண்பதுபோல் அந்தக் கதிர் கோடாகத் தெரியாது. தூசியிலோ புகையிலோ பட்டால்தான் பக்கத்திலிருந்து தெரியும். அதற்கும் 900 ஆண்டுகளுக்கு முன்பே, பொருட்களிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் நாம் காண்கிறோம் என்று இப்னுல் ஹைதம் விளக்கியிருந்தார் என்பதையும் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. வெளிச்சம் வேண்டுமென்று பிள்ளை கேட்டால் சிறிய டோர்ச் பல்ப் போதும். கடையில் விற்கும் லேசர் விளக்கை எக்காரணம் கொண்டும் பொருத்த வேண்டாம். அது கண்ணின் விழித்திரையை நிரந்தரமாகப் பழுதாக்கவல்லது.

வீட்டுக்கான விதிகள்

பெயின்ட் காயும் வரை காத்திருக்கும்போது பிள்ளையோடு சேர்ந்து விதிகளை எழுதுங்கள். மனிதரையோ பிராணியையோ நோக்கி நீட்டக் கூடாது. குறி வைக்க மதில்மேல் வெறும் டின்களை அடுக்கலாம். தூங்குபவரையும் முதியவரையும் திடுக்கிடச் செய்யக் கூடாது. பாடசாலைக்கும் பள்ளிவாசலுக்கும் பஸ்ஸுக்கும் கொண்டுபோகக் கூடாது. நண்பன் வீட்டுக்குக் கொண்டு செல்வதென்றால் பைக்குள் வைத்து, பெரியவர் ஒருவரோடு செல்ல வேண்டும். அம்பு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்ன நபிவழிதான் இதற்கும் அடிப்படை என்பதை விளக்கினால் பிள்ளை புரிந்துகொள்ளும். விதியை மீறினால் ஒரு கிழமைக்கு அது அலுமாரிக்குள் போகட்டும்.

துப்பாக்கி வடிவமே எங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று தீர்மானிக்கும் பெற்றோரும் இருப்பர். யுத்தத்தில் உறவுகளை இழந்த வீடுகளில் அந்தத் தீர்மானம் முற்றிலும் நியாயமானது. மூத்தம்மாவின் மனம் நோகுமென்றால் பிள்ளையின் ஆசை பொறுத்திருக்கலாம். அப்படியானால் இதே பொருட்களில் பிடியை மட்டும் விட்டுவிடுங்கள். அதே குழாயும் வட்டங்களும் மூடியும் விண்வெளி வீரனின் தொலைநோக்கியாகவோ செய்தி அனுப்பும் கருவியாகவோ மாறிவிடும். கற்பனைக்கு எந்தக் குறையும் வராது.

கையின் அமானிதம்

தாவூத் (அலை) அவர்கள் தமது கை உழைப்பிலேயே உண்டு வாழ்ந்தார்கள் என்று புகாரியில் வந்துள்ளது. அல்லாஹ் அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும், வளையங்களை அளவாகக் கோக்குமாறு பணித்ததையும் ஸபஃ அத்தியாயம் கூறுகிறது. அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட கைத்தொழில் எது என்று கவனித்தீர்களா? கவசம். பிறரைத் தாக்கும் கருவியைவிட, மனித உயிரைக் காக்கும் கருவியே அங்கே பெயர் சொல்லிக் கூறப்படுகிறது. அதிலும் அளவு பார்த்துச் செய்யும் பண்பு வலியுறுத்தப்படுகிறது.

கடையில் வாங்கிய துப்பாக்கி பிள்ளைக்குச் சுடுவதை மட்டுமே கற்றுக்கொடுக்கிறது. வீட்டில் செய்தது அளக்கவும், அறுக்கவும், காத்திருக்கவும், பிழையாக வெட்டியதை மீண்டும் வெட்டவும் கற்றுக்கொடுக்கிறது. முனை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதையும் அதுவே கற்றுக்கொடுக்கிறது. நாளை அந்தக் கையில் பேனை இருக்கலாம், சத்திரசிகிச்சைக் கத்தி இருக்கலாம், வாகனத்தின் சுக்கான் இருக்கலாம். எது இருந்தாலும் அந்தக் கையால் பக்கத்திலிருப்பவர் பயமின்றி இருக்க வேண்டும். பிறர் எவருடைய நாவிலிருந்தும் கையிலிருந்தும் பாதுகாப்புப் பெறுகிறார்களோ அவரே முஸ்லிம் என்ற நபிமொழியின் கருத்தைப் பிள்ளைக்கு விளக்க, மஞ்சள் நிறத்தில் செம்மஞ்சள் மூடி போட்ட ஒரு விளையாட்டுப் பொருளும் உதவுமென்றால், அதற்காக மூன்று மாலைப் பொழுதுகளைக் கொடுக்க நாம் தயங்கலாமா?